நம் வீட்டுக்குள் நுழைய ஒரு பல்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். என் வாயில் இருபத்தெட்டுப் பற்களும் சுகமாகத்தான் இருந்தன, போன செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும்.

"பின்ரூம் கதவு நிலையில அம்மா நம்ம உயரத்தைப் பென்சில்ல கோடு போட்டு எழுதி வச்சாளே, அது இன்னும் இருக்குமாடா?" என்று நீ ஃபோனில் கேட்டாய். அம்மாவின் கையெழுத்து என்று நம் இருவரிடமும் வேறு எதுவும் இல்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சரி, நேரே போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினால், நாம் விற்ற வீடு இப்போது பல் ஆஸ்பத்திரி. நாற்பது வருஷம் கழித்து வந்து கதவு நிலையைக் காட்டுங்கள் என்றால் யாராவது உள்ளே விடுவார்களா? நர்ஸ், "எந்தப் பல்லு சார்?" என்றாள். ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டேன்.

நாம் காய்ச்சலில் படுத்துக்கிடந்த அதே மூலையில்தான் பல் பிடுங்கும் நாற்காலி. சிறுவயது வீடு பெரியவனானதும் சின்னதாகத் தெரியும் என்பார்கள். பொய். நாற்காலியைச் சாய்த்ததும் கூரை மேலே மேலே போய், அறை அன்றைக்கு இருந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது. நீ ஒட்டகம் என்றும் நான் கழுதை என்றும் அடித்துக்கொண்ட அந்த ஈரக்கறை அப்படியே இருக்கிறது. கழுதைதான். எனக்கு மெய்சிலிர்த்துப்போய் வாய் தானாகத் திறந்தது. டாக்டரம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று. தட்டித் தட்டிப் பார்த்தவர் என் கண்ணில் தண்ணீரைக் கண்டதும், "ரொம்ப நாளா பொறுத்துட்டிருக்கீங்க போல, எடுத்துரலாமா?" என்றார். கூரையைப் பார்த்தபடி 'ம்' கொட்டிவிட்டேன்.

பிறகு, கொஞ்ச நேரம் பின்ரூமில் படுக்கச் சொன்னார்கள். நர்ஸ் கதவோடு மல்லுக்கட்டினாள். "எத்தனை ஆசாரி வந்தாச்சு சார், இது இப்படித்தான்." என் இடது கால் என்னைக் கேட்காமலே கீழ்மூலையில் ஒரு உதை விட்டது, தோள் ஒரு தூக்கு தூக்கியது, கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டது. நர்ஸும் பின்னால் வந்த டாக்டரம்மாவும் என்னையே பார்த்தார்கள். வாய் நிறையப் பஞ்சு, என்னத்தைச் சொல்ல?

நிலை முழுக்க நீலப் பெயின்ட். ஒரு சாண் அகலம் மட்டும் வெறும் மரம். அதில் நம் கோடுகள், அக்கா. 'நெட்டை', 'குட்டை' என்று அம்மாவின் கோணல் எழுத்து.

"பெயின்டர் இதையும் அடிக்கப் பாத்தாரு, நான்தான் விடலை," என்றார் டாக்டரம்மா. "யாரோ ஒரு அம்மா வருஷா வருஷம் நிக்க வச்சுப் போட்டிருக்காங்க. யாரு பெத்த பிள்ளைங்களோ."

நான் 'குட்டை'யைத் தொட்டு, பிறகு என் நெஞ்சைத் தொட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, என்னை நிலையோடு ஒட்டி நிறுத்திக் கோடு போட்டார். உன் கடைசிக் கோட்டை நான் ஒருவழியாகத் தாண்டிவிட்டேன்.

வீடு நல்ல கையில் இருக்கிறது. இனி நமக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன், நீயும் ஏங்காதே. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசி.

இப்படிக்கு,
உன் தம்பி, குட்டை

பி.கு.: சமையலறையும் மாடியும் இன்னும் பார்க்கவில்லை. சும்மாவே வாங்க என்று டாக்டரம்மா சொன்னார்தான், ஆனால் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? வியாழக்கிழமை பத்தரைக்கு இரண்டு டோக்கன் போட்டிருக்கிறேன். உனக்கு எந்தப் பல் வலிக்கிறது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டு வா.