கைக்கு எட்டும் தூரம்

மூக்குக்கண்ணாடியைத் தேடி மாமியார் ஓபல் கைப்பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தபோது, கண்ணாடியோடு ஒரு கைத்துப்பாக்கியும் வந்து பீன்ஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. வெர்னன் சோள ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு நாற்காலியோடு சுவர் வரைக்கும் பின்வாங்கினான்.

பூட்டிய கடையைத் திறந்து உள்ளே போனதற்காகக் கென்டக்கிச் சிறையில் ஆறு வருடம் இருந்தவன் அவன். இப்போது பரோலில், கண்காணிப்போடு வெளியே இருந்தான். அது முடிந்து முழு விடுதலை கிடைக்க இன்னும் பத்தொன்பது நாள். அப்படித் தண்டனை பெற்றவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். எடுத்துக்கொள்கிற மாதிரி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலே வைத்திருந்ததாகச் சொல்லிவிடுவார்கள். மாட்டினால் மறுபடியும் உள்ளே. ஓபல் இடுப்புவலி என்று மகள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கிளம்பும் உத்தேசம் எதுவும் தெரியவில்லை.

"அத்தே, அத வீட்ட விட்டு வெளியே கொண்டுபோயிருங்க."

"அவரு போனப்புறம் எனக்கு இதுதான் துணை. ஜெயிலுக்குப் போனது நீ. நான் எதுக்கு மாப்ளே கஷ்டப்படணும்?"

ஊர்ப் போலீஸான ஷெரீஃப் அலுவலகத்தில் கொடுத்தால் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று மனைவி லொரெட்டா சொல்லிப் பார்த்தாள். அந்த வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று ஓபல் ஒரே பிடியாக நின்றாள். கௌரவமான பெண்பிள்ளை போகிற இடமா அது என்று கேட்டுவிட்டு வெர்னனை ஒரு பார்வை பார்த்தாள். இந்தப் பார்வைக்கு அவன் பழகியிருந்தான்.

எண் போட்டுத் திறக்கும் இரும்புப் பெட்டி ஒன்று வாங்கினார்கள். எண் வெர்னனுக்கு மட்டும் தெரியக் கூடாது. ஓபல் ரகசியமாகத்தான் போட்டாள். அந்த ரகசியம் ஒரு மணி நேரம் தாங்கியது.

"மறக்காத நம்பரா போடச் சொன்னாங்க. மாசாமாசம் உன்னத் திட்டிக் கடுதாசி எழுதுனேன்ல, அந்தக் கைதி நம்பரயே போட்டுட்டேன்."

ஆறு வருடம் சட்டையில் சுமந்த எண். வெர்னன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

அடுத்து, சாவி போட்ட பெட்டி. சாவி ஓபலின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. வெர்னன் அந்தப் பூட்டை ஒரே ஒரு முறைதான் பார்த்தான், அதுவும் தெரியாத்தனமாக. அவன் முகம் மாறியதை லொரெட்டா கவனித்துவிட்டாள்.

"தொறந்திருவியா?"

"கொண்டை ஊசி இருந்தா அரை நிமிஷம்."

அவன் பரோல் அதிகாரி ரமோனாவுக்குப் போன் போட்டு, ஒரு நண்பனுக்காகக் கேட்பதாகச் சொல்லி விவரம் கேட்டான். திறக்கத் தெரிந்தவனுக்குப் பூட்டு ஒரு பூட்டே இல்லை என்று உன் நண்பனிடம் சொல் என்றாள் அவள். நண்பனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் துப்பாக்கி பெட்டியோடு ஓபலின் கார் டிக்கிக்குப் போனது. நாலு நாள் நிம்மதி. வெள்ளிக்கிழமை மதியம் சர்ச்சில் மீன் விருந்து. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், ஓபல் சாவியைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தாள். ஊரே திரும்பி வெர்னனைப் பார்த்தது. ஆண்டவர் கொடுத்த திறமையை ஒரு நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தலாமே என்று போதகர் கனிவாகச் சொன்னார். அந்தக் கதவைத் திறந்தால் டிக்கியும் அவன் கைக்கு எட்டிவிடும். வெர்னன் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"வேண்டாத கதவெல்லாம் தொறப்பான். வேணுங்கிறப்ப கை வராது," என்று ஓபல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

லொரெட்டாவுக்குப் பொறுக்கவில்லை. ஆறு வருடம் அவனுக்காகக் காத்திருந்தவள் அவள். மீன் தட்டோடு நின்றிருந்த உதவி ஷெரீஃபிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கம்பியால் காரைத் திறந்தார். டிக்கியிலிருந்து பெட்டியைத் தன் வண்டிக்கு மாற்றினார். எல்லோரும் நேராக அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்.

அலுவலக வாசலில் ஓபலுக்கு இடுப்புவலி திடீரென்று கூடியது. தலையும் சுற்றியது. நாளைக்கு வரலாமே என்றாள். லொரெட்டா கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள்.

மேசைக்குப் பத்தடி முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. துப்பாக்கியைத் தொடக் கூடாதவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டும் என்று சூயிங்கம் மென்றுகொண்டிருந்த குமாஸ்தாப் பெண் சொன்னாள். வெர்னன் நின்றான். அவனுக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது. லொரெட்டா அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ உன் வீட்டுக்குக் கெளம்புறப்ப திருப்பி வாங்கிக்கலாம்லம்மா?" என்று கேட்டாள் லொரெட்டா.

ஓபல் பேனாவை வாங்கினாள். படிவத்தில் பெயரை மிக மெதுவாக, படிக்கவே முடியாத எழுத்தில் எழுதினாள். குமாஸ்தாப் பெண் அதை எழுத்துக்கூட்டிக் கணினியில் தட்டினாள். மெல்லுவது நின்றது. திரையைப் பார்த்தாள், ஓபலைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"எழுபத்தி நாலாம் வருஷம் ஷெரீஃப் வண்டியத் திருடிட்டுப் போய்க் குளத்துல எறக்கித் தண்டனை வாங்குனது நீங்கதானாம்மா? அப்ப நீங்களும் போய் மாப்பிள்ளை பக்கத்துல நில்லுங்க."