மாமனார் நம்பிக் கொடுத்த கார்

ரிவர்ஸ் கியர் விழவில்லை.

சின்ன மாப்பிள்ளை கிளட்ச்சைத் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டு கியரைத் தள்ளிப் பார்த்தார். யாரோ பல்லை நறநறவென்று கடிப்பது போல் அடியிலிருந்து சத்தம் வந்தது. பக்கத்து இருக்கையில் மனைவியும் பல்லைக் கடித்தாள்.

"என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே. கிளட்ச் விடமாட்டேங்குது."

"நேத்து எங்க அப்பா ஓட்டிட்டு வந்து கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்தது?"

பின்சீட்டில் பெட்டிகளும், தண்ணீர் பாட்டில்களும், மனைவி புதிதாக வாங்கிய தொப்பியும் கடலைப் பார்க்கக் காத்திருந்தன.

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை அவருக்கு. மாமனார் வீட்டில் அதை ஒரு வேலையாகவே யாரும் எடுத்துக்கொண்டதில்லை. அங்கே மாப்பிள்ளை என்றால் பல் டாக்டரான பெரிய மாப்பிள்ளைதான். சாய்வு நாற்காலியும் அவருக்கு, வீட்டு விஷயங்களில் கடைசி வார்த்தையும் அவருக்கு. இவருக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூல்.

அப்படிப்பட்ட மாமனார், யாரையும் தொடவிடாத தன் பழைய நீலக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, "லீவு போட்டுட்டு ரெண்டு பேரும் ஒரு வாரம் கடற்கரைக்குப் போயிட்டு வாங்க மாப்பிள்ளை. உங்களை நம்பித் தரேன்" என்று சாவியைக் கையில் வைத்தபோது இவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நம்பிக்கை வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே நறநறத்தது.

பானெட்டைத் திறந்தார். கிளட்ச்சுக்கான சின்ன டப்பாவில் எண்ணெய் அடிமட்டத்தில் கிடந்தது.

"இவ்வளவுதானா!" என்று டிக்கியிலிருந்த இன்ஜின் ஆயிலை எடுத்து விளிம்பு வரை ஊற்றினார். கியர் விழுந்தது. தெருமுனை வரை போனார்கள். அங்கே அமுக்கிய கிளட்ச் பெடல் அமுங்கினபடியே நின்றுவிட்டது. காலை எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நாலு பேரைக் கெஞ்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

அச்சகத்து மெஷின்மேனுக்குப் போன் போட்டார்.

"என்ன சார் ஊத்தினீங்க?"

"ஆயில்தான்."

"எந்த ஆயில்?"

சொன்னார். அந்தப் பக்கம் துக்கம் விசாரிக்கிற குரலுக்கு மாறியது. "சார், அதுல பிரேக் ஆயில்தான் ஊத்தணும். இப்ப உள்ளே ரப்பர் எல்லாம் ஊதியிருக்கும். மொத்தத்தையும் வெளியேத்தி, நல்ல ஆயில் ஊத்தி, குழாய்ல நிக்கிற காத்தை எடுங்க. ஒருத்தர் மேலே பெடலை அமுக்கணும், ஒருத்தர் கீழே திருகைத் திறந்து மூடணும்."

புது ஆயிலை வாங்கி வந்து, மனைவியை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்து, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

"அமுக்கு!"

"அமுக்கிட்டேன்!"

"பிடி!"

"பிடிச்சிருக்கேன்!"

"விடு!"

"கல்யாணம் ஆனதிலிருந்து பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இப்பத்தான் விடச் சொல்றீங்க!"

தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். திருகு சரியாக எட்டவில்லை என்று கிளட்ச்சைத் தள்ளிவிடும் சிலிண்டரையே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அது தெரியாமல் மனைவி ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். சிலிண்டருக்குள் இருந்த பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு போலப் பாய்ந்து வெளியே வர, ஆயில் முழுவதும் அவர் முகத்தில் அடித்தது.

"கண்ணு! கண்ணு!" என்று கத்தினார்.

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லையே என்று மனைவி ஒரு கணம் நெகிழ்ந்துபோனாள்.

"என்னங்க?" என்றாள் குழைவாக.

"தண்ணி கொண்டா! கண்ணு எரியுது!"

அவள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அப்படியே அவர் மேல் கொட்டினாள்.

கிளட்ச்சே இல்லாத வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக ஒரே வழிதான் இருந்தது. முதல் கியரைப் போட்டுவிட்டு அப்படியே சாவியைத் திருப்பினார். வண்டி அடிபட்ட மாடு மாதிரி துள்ளி, எதிர்வீட்டுப் பூந்தொட்டிகளைச் சாய்த்துவிட்டுக் கிளம்பியது. சிக்னலில் நிறுத்த பயந்து, சிவப்பு விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே தாண்டினார். ஒர்க்‌ஷாப் வாசலில் அடுக்கியிருந்த டயர்களில் முட்டித்தான் வண்டி நின்றது.

மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கிக்கொண்டிருந்தபோது மாமனார் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, கடல் எப்படி இருக்கு?"

"பெரிசா இருக்கு மாமா."

"வண்டி?"

"அதுக்கென்ன மாமா, அருமையா இருக்கு."

"அது என்ன டங்கு டங்குன்னு சத்தம்?"

"அலை, மாமா."

மெக்கானிக் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கழற்றியதை எல்லாம் ஒரு தட்டில் கொண்டுவந்து காட்டினார். "பாருங்க சார். பேரிங் பொடிப்பொடி. அதைத் தள்ளுற ஃபோர்க் வளைஞ்சு கிடக்கு. பிளேட் தேஞ்சுபோச்சு. எந்நேரமும் கிளட்ச் மேலேயே காலை வச்சு ஓட்டினா இப்படித்தான் ஆகும். ஓட்டத் தெரியாத ஆளுங்க பண்ற வேலை சார் இது."

"நல்லா சொல்லுங்க" என்றாள் மனைவி. "எங்க அப்பா கையில கண்ணாடி மாதிரி இருந்த வண்டி."

சின்ன மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். வேறென்ன செய்வது? கடைசியாக ஓட்டியது அவர்தானே.

பேரிங், ஃபோர்க், பிளேட், இரண்டு சிலிண்டர்கள் என்று எல்லாமே புதிதாகப் போடவேண்டியிருந்தது. லீவு முழுவதும் ஒர்க்‌ஷாப் பெஞ்சிலேயே கழிந்தது. ஒரு மாலை வீட்டுக்கு வந்தபோது, மனைவி தொப்பியின் விலைச் சீட்டைக்கூடக் கிழிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம் போகலாம்" என்றார்.

"யார் வண்டியில?" என்றாள்.

வாரம் முடிந்து வண்டியை ஒப்படைக்கப் போனார்கள். மாமனார் ஏறி உட்கார்ந்து தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தார். கிளட்ச் பூப்போல அமுங்கியது. எல்லா கியரும் சொன்ன பேச்சைக் கேட்டன. இறங்கி, பானெட்டைத் தடவிக் கொடுத்தார்.

சின்ன மாப்பிள்ளையால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மாமா, நாங்க கடலுக்கே போகலை. கிளட்ச்சை நான் கெடுத்துட்டேன். எல்லாம் புதுசா மாத்தியிருக்கேன். நீங்க நம்பிக் கொடுத்தீங்க, நான்தான்..." என்று தொடங்கியவருக்குக் குரல் உடைந்தது.

மாமனார் ஒரு பெருமூச்சு விட்டு, அவர் தோளில் கையைப் போட்டார்.

"விடுங்க மாப்பிள்ளை. வேற யாராவது இருந்தா சும்மா விட்டிருக்க மாட்டேன். நீங்க நம்ம பையன். மன்னிச்சுட்டேன்."

சின்ன மாப்பிள்ளையின் கண்ணில் நீர் கோத்தது. மனைவி அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "இந்த மனசு யாருக்குப்பா வரும்?" என்றாள்.

எல்லாம் புதுசா மாத்தியாச்சு என்றது காதில் விழ, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்த மாமியார் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "ஏங்க, பெரிய மாப்பிள்ளைக்குத் தர்றதுக்கு முந்தி சின்னவர்கிட்ட ஒரு வாரம் விட்டுவச்சா கிளட்ச் வேலை தானா முடிஞ்சிடும்னு சொன்னீங்களே, சொன்ன மாதிரியே ஆயிடுச்சே!"