சம்பந்தி சட்டைப்பையில் இரண்டு நாரைகள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. உன் அக்கா நலம். வீடு நலம். மாடித் தண்ணீர்த் தொட்டிகூட நலம். என்னைப் பற்றி மட்டும் விசாரிக்காதே. நீயும் உன் வீட்டாரும் உன் மூக்குக்கண்ணாடிக் கடையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. உன் மனைவி கண்ணில் பட்டுவிடக் கூடாது. பட்டால் அன்றைக்கே உன் அக்கா காதுக்கு வந்துவிடும், அப்புறம் இந்த வீட்டில் நான் இருக்க முடியாது.

நான் ஜப்பான் பேனா சேர்க்கிறவன் என்பது உனக்குத் தெரியும். "எழுதாத பேனா எதுக்கு அத்தான்?" என்று நீ இரண்டு தடவை கேட்டாய், இரண்டு தடவையும் நான் உன்னோடு ஒரு வாரம் பேசவில்லை. இப்போது கோபப்படத் தெம்பில்லை, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன், கேள். அந்த ஊரில் ஒரு மரத்துப் பாலை எடுத்துப் பேனாமேல் பூசுகிறார்கள். காயவைத்துத் தேய்த்து மறுபடி பூசுகிறார்கள், இப்படி மாதக்கணக்கில். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் தங்கத்தூளைத் தூவித் தூவிப் படம் வரைகிறார்கள். என்னுடைய பேனாவில் ஒரு பைன் மரம், அதன் கீழே இரண்டு நாரைகள். ஒரு நாரை குனிந்து தண்ணீரைப் பார்க்கிறது, இன்னொன்று அதைப் பார்க்கிறது. அடியில் எறும்புக் கால் அளவுக்குச் செய்தவரின் கையெழுத்து. இந்த மாதிரிப் பேனாவுக்கு மதிப்பு எதனால் என்றால், மை ஊற்றியிருக்கக் கூடாது, கீறல் கூடாது, கூட வந்த மரப்பெட்டியை விட்டுப் பிரிந்திருக்கக் கூடாது. மொத்தத்தில் பேனா செய்யவேண்டிய எந்த வேலையையும் அது செய்திருக்கக் கூடாது. சிரிக்காதே.

என்னிடம் பதினாலு பேனா இருந்தது. அதில் உண்மையான உருப்படி இந்த நாரைப் பேனா ஒன்றுதான். இதே படத்தை இயந்திரத்தில் அச்சடித்து ஒரு நகலும் விற்கிறார்கள். அதுவும் ஒன்று வைத்திருந்தேன். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், நீ கொடுத்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால்தான் நகலில் தங்கம் புள்ளி புள்ளியாக இருக்கும். முப்பது வருஷம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன் நான். ஒரு கயிறு அறுந்தால் தாங்க இன்னொரு கயிறு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் பூத்தவன். அந்தப் புத்தி சும்மா இருக்குமா? திருடன் வந்தால் அழகான மரப்பெட்டியைத்தான் தூக்குவான் என்று கணக்குப்போட்டு, மரப்பெட்டிக்குள் நகலை வைத்தேன், நகலின் அட்டைப்பெட்டிக்குள் அசலை வைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. பாதுகாப்பு ஏற்பாட்டை வெளியே சொன்னால் அது என்ன பாதுகாப்பு?

போன மாதம் பேனா மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். பெட்டியும் பேனாவும் ஜோடியாக இருக்க வேண்டுமே என்று அவர் வருவதற்கு முன்பே அசலை மரப்பெட்டிக்கும் நகலை அட்டைப்பெட்டிக்கும் மாற்றி வைத்திருந்தேன். மற்ற பேனாக்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எழுதறதுக்கு நல்லா இருக்கும்" என்றார். சேர்க்கிறவனை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது மச்சான். ஆனால் நாரைப் பேனாவை எடுத்தவர் நாற்பது நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் கையுறையைக் கழற்றிவிட்டு, "சார், இதை யாருக்கும் காட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அவரை வாசல்வரை கொண்டுபோய் விடும்போது உன் அக்கா மாடியிலிருந்து "தொட்டி வழியுது, தொட்டி வழியுது" என்று ஊரைக் கூட்டினாள். ஓடினேன். மோட்டாரை நிறுத்தினேன், மாடியைத் துடைத்தேன், குளித்தேன், தூங்கினேன். பேனாக்களைப் பழையபடி மாற்றி வைக்க மறந்தேன்.

இதற்கு அடுத்த வாரம்தான் சம்பந்தி வந்தார். அவருக்கும் எனக்கும் உள்ள லட்சணம் உனக்குத் தெரியாததா? இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவனே நீதானே. கல்யாண மண்டபத்தில் லிஃப்ட் நின்றுபோனதே, அப்போது அவர், "கதவை ஒருதரம் நல்லா இழுத்துச் சாத்துங்க, ஓடும்" என்றார். நான் அத்தனை பேர் முன்னால், "மரம் அறுக்கிறவருக்கு லிஃப்டைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேசாமல் போய் இழுத்துச் சாத்தினார். ஓடியது. அன்றிலிருந்து இரண்டு வருஷமாக நான் அவருக்குச் சம்பந்தி இல்லை, "சார்." சாப்பிட்டீங்களா சார், போய்ட்டு வர்றேன் சார். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல தூது போய்ப் போய்க் களைச்சுட்டேன்பா" என்று என் மகள் போனில் சொன்ன அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நீதானே சொன்னாய், "அடுத்த தடவை வரும்போது உங்க கையால நல்லதா ஏதாவது கொடுங்க அத்தான், எல்லாம் சரியாயிடும்" என்று? பாவி, உன் வாயில் என்ன இருந்தது அன்றைக்கு!

கொடுத்தேன். அவர் கிளம்பும் நேரத்தில் அலமாரியைத் திறந்து, மரப்பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து, எல்லார் முன்னாலும் நீட்டினேன். உள்ளே நகல் இருக்கிறது என்ற தைரியம். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பார்க்கிறவர்களுக்குப் பெரிய தானமாகத் தெரிய வேண்டும், எனக்கு ஒன்றும் குறையவும் கூடாது, அவ்வளவுதான் என் நல்ல எண்ணம். "எங்கிட்ட இருக்கறதுலயே ஒசத்தி இதுதான், நீங்கதான் வெச்சுக்கணும்" என்று வசனம் வேறு பேசினேன். அவர் முதலில் பெட்டியை முகர்ந்தார். "என்ன மரங்க இது, பஞ்சு மாதிரி இருக்கு!" என்றார். அப்புறம் திறந்து பார்த்தார். பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். பிறகு, "ரொம்பச் சந்தோஷம் சம்பந்தி" என்றார். என் மகள் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். அழுதாள் என்று பிறகு உன் அக்கா சொன்னாள்.

மறுநாள் சாவகாசமாக அட்டைப்பெட்டியைத் திறந்தேன். பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நாரையின் கழுத்தெல்லாம் புள்ளி. துடைத்துவிட்டுப் பார்த்தேன், புள்ளி. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன், அங்கேயும் புள்ளி. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை மச்சான். சோபாவிலே உக்காந்தவன் உக்காந்தவன்தான். உன் அக்கா வந்து, "நேத்துக் குடுத்ததை நெனச்சுப் பூரிச்சுப் போய்ட்டீங்களா?" என்று கேட்கிறாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் கையை விரித்தேனாம். இந்த ஒன்பது நாளும் அவள் என்னிடம் ஒரு சண்டை போடவில்லை. ஃபேனை என் பக்கம் திருப்பி வைக்கிறாள். பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லியிருக்கிறாள். இவளிடம் போய் நான் எந்த வாயால் சொல்வேன், அது நகல் என்று நினைத்துத்தான் கொடுத்தேன் என்று?

சரி, பேனாவாவது பத்திரமாக இருக்கிறதா என்று மகளிடம் நாசூக்காக விசாரித்தேன். "மாமா அதைக் கீழவே வைக்கறதில்லப்பா!" என்றாள். அவருடைய மர அறுவை மில்லில் மரத்துக்கு அளவு குறிக்கிறதே அதால்தானாம். அறுத்த பலகைமேல், அந்தத் தங்க நிப்பால், நீளம் அகலம் எழுதுகிறாராம்! எழுதிவிட்டுக் காதில் செருகிக்கொள்கிறாராம், வெளியே கிளம்பினால் சட்டைப்பையில். மரத்தூள் ஒட்டினால் வேட்டியில் துடைக்கிறாராம். அந்தப் பெட்டியை வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்து, "மோந்து பாருங்க, என்ன மரம் சொல்லுங்க பாக்கலாம்" என்கிறாராம். நான் உடனே சம்பந்திக்கே போன் போட்டேன். "அந்தப் பேனாவை ஒரு தடவை சர்வீஸ் பண்ணணும், அனுப்பி வைங்க, நான் பண்ணித் தர்றேன்" என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எதுக்கு சம்பந்தி உங்களுக்குச் சிரமம், கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, நானே கழட்டி எண்ணெ போட்டுட்டேன்" என்றார். எந்த எண்ணெய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அறுவை மில்லில் என்ன எண்ணெய் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

இனி உன்னை விட்டால் எனக்கு வேறு நாதி கிடையாது. அவர் உன் கடையில்தான் கண்ணாடி போடுகிறார், மில் உன் தெருவிலிருந்து இரண்டாவது திருப்பம். இந்தப் பார்சலில் நகல் பேனாவை வைத்திருக்கிறேன். நீ அவரைக் கூப்பிட்டு, "பவர் மாறியிருக்கும், ஒருதரம் பார்த்துடலாம்" என்று சொல். நாற்காலியில் உட்காரவை. கண்ணாடியைக் கழற்றி வாங்கிவிட்டால் அவருக்கு எதிரே நிற்பது ஆளா தூணா என்றே தெரியாது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, "பத்து நிமிஷம் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையில் கையை விட்டு இதை வைத்து அதை எடுத்துவிடு. நகலிலும் கொஞ்சம் மரத்தூளையும் எண்ணெயையும் தடவியே அனுப்பியிருக்கிறேன், சந்தேகம் வராது. இது திருட்டு இல்லை. நான் கொடுக்க நினைத்ததுதான் அவரிடம் போய்ச் சேருகிறது. நீயே யோசித்துப் பார், நியாயம் என் பக்கம்தான். இதைச் செய்யாவிட்டால் நான் செத்துப்போவேன் என்று சொல்லவில்லை. ஆனால் மனுஷனாக இருக்க மாட்டேன். ராத்திரி கண்ணை மூடினால் பலகைமேல் நிப்பு கரகரவென்று தேய்கிற சத்தம்தான் கேட்கிறது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல், ஏன் கேட்டேன் என்று மட்டும் சொல்லாதே. உன் கை நடுங்காமல் இருக்க எல்லாத் தெய்வமும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய துரதிர்ஷ்டசாலி
அத்தான்

பின்குறிப்பு: பார்சலை ஒட்டப் போகிற நேரத்தில் சம்பந்தியே போன் செய்தார். வீட்டுக்கு உத்திரம் வாங்க வந்த யாரோ ஒரு பெரிய மனுஷன், அவர் காதில் இருந்த பேனாவைப் பார்த்துப் பதறி, வாங்கிப் பார்த்து, அது என்ன, என்ன மதிப்பு என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். நீங்கள் கேட்டதைக் கொடுக்கிறேன், எனக்கே தந்துவிடுங்கள் என்றானாம். இவர் விரட்டிவிட்டாராம். "இவ்வளவு பெரிசுன்னு ஒரு வார்த்தை சொல்லாம குடுத்துட்டீங்களே சம்பந்தி! நான் அதுல பலகைக்கு அளவு எழுதிட்டேனே! அன்னிக்கு மண்டபத்துல நீங்க சொன்னதை ரெண்டு வருஷமா மனசுல வெச்சிருந்தேன். நான்தான் சின்ன மனுஷன். இது எனக்கு அதிகம், நாளைக்கே கொண்டாந்து குடுத்துடறேன், நீங்களே வெச்சுக்கணும்" என்றார்.

"சரி" என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. "குடுத்தது குடுத்ததுதான் சம்பந்தி, நீங்க எழுதுங்க" என்று யாரோ சொன்னார்கள். பார்த்தால் நான்தான். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்கு என்று கேட்காதே, பேனாவுக்குத்தான் பாதி.

அதனால் மேலே எழுதியது எதையும் செய்யாதே. சொட்டு மருந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கூட வரும் பேனாவைத் துடைத்து நீயே எழுது. கடிதத்தைக் கிழித்துப் போடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம், வைத்துக்கொள். இனிமேல் அந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் எல்லாரும் என்னைப் பெரிய மனுஷன் என்றுதான் சொல்லப் போகிறார்கள், நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்கப் போகிறேன். அப்படி இல்லை என்று தெரிந்த ஒரு ஆளாவது எனக்கு வேண்டும்.