தும்பிக்கை வெச்ச சுறா

மாமல்லபுரத்துல எவ்ளோ தள்ளுனாலும் நகராத ஐட்டம் ரெண்டு கீது. ஒன்னு, சரிவுல நிக்குற அந்த உருண்டைப் பாறை. இன்னொன்னு சுறா பாய். பாறையாச்சும் என்னிக்காவது உருளும். பாய்? சான்ஸே இல்ல.

பீச்சுக்கு போற ரோட்ல டீ-ஷர்ட் கடை அவுருக்கு. காலேஜ் படிக்கசொல்லோ நானும் ஃப்ரெண்ட்ஸும் அந்த கடைக்கு மேல ரூம் எடுத்து தங்கிகினு இருந்தோம். அவுரு சொந்தப் பேரு அவுரு சம்சாரத்துக்கே ரேஷன் கார்ட பாத்தா தான் ஞாபகம் வரும். சுறா படம் போட்ட நம்ம கிரிக்கெட் டீமுக்கு அப்டி ஒரு வெறியன். டீம் பேரு சொல்ல மாட்டேன், டீம நடத்துற கம்பெனியோட வக்கீலு இதையும் படிப்பாரு.

பாய் பிசினஸே உல்ட்டா. டீம் ஜெயிச்ச மறுநாள் ஃபுல் ரேட்டு, ஒரு பைசா கொறைக்க மாட்டாரு. தோத்த மறுநாள் பாதி ரேட்டு.

"இன்னா பாய், ஊரே அழுதுகினு கீது, நீ தள்ளுபடி போடுற?"

"ஜெயிச்சா வர்றவன் கஸ்டமரு. தோத்தப்புறம் வர்றான் பாரு, அவன் நம்மாளு. அவன்கிட்ட போய் லாபம் பாப்பாங்களாடா?"

ஒரு தபா டூரிஸ்ட் ஒருத்தரு எதிர் டீம் ஜெர்சி கேட்டுட்டாரு. பாய் சிரிச்ச மூஞ்சோட கடல கை காட்டி, "ஸ்ட்ரெய்ட்டா போ நைனா, கடைசில ஒரு கடை கீது"ன்னாரு. அந்தாளும் தேங்க்ஸ் சொல்லிட்டு நடந்தாரு!

ஒரு வருசம் செங்கல்பட்டுல பிரிண்ட் போட்டு குடுக்குற ஆளு கைய விரிச்சிட்டான். "டீம் லோகோ போட்டா கம்பெனிக்காரன் கேஸ் போடுறான் பாய், என்னால ஆவாது."

"அவன் சுறா எனக்கு எதுக்கு? நான் வேற சுறா ரெடி பண்றேன்"னு பாய் நேரா பக்கத்து பட்டறைக்கு போனாரு. அங்க ஏழுமல அண்ணாத்த, சின்ன வயசுலேந்து கோயிலுக்கு சிலை அடிக்கிறவரு. "அண்ணாத்த, வாய பொளந்துகினு, பல்லு தெரிய, டெரரா ஒரு மீனு வரைஞ்சு குடு."

அண்ணாத்தையும் சுறா தான் வரைய ஆரம்பிச்சாரு. ஆனா அந்த கை ஆயுசுக்கும் அடிச்ச ஒரே டெரர் மீனு மகரம். அதான், கோயில் தோரணத்துல ரெண்டு ஓரமும் வாய தொறந்துகினு இருக்குமே, அது. பல்லு வந்துச்சு, துடுப்பு வந்துச்சு, அதோட நிறுத்தலாம்ல? கை பாட்டுக்கு போய்கினே கீது. மூக்குல சுருட்டுன தும்பிக்க. கீழ ரெண்டு காலு. பின்னாடி மயில் தோகை மாரி வாலு!

"பாய், சுறாவுக்கு ஏன் தும்பிக்க?"ன்னேன்.

"சளி புடிச்சா சிந்த வேணாமா? போடா."

அப்டியே பிரிண்ட் போட்டு அடுக்கிட்டாரு. தெருவே சிரிச்சுது. எவனும் வாங்கல. சீசன் ஸ்டாக்கு பூரா ஃபைனல்ஸ் நாள நம்பி கடையிலயே கெடந்துச்சு.

ஃபைனல்ஸ் அன்னிக்கு காலைல நாஸ்தா டைமுக்கு வந்துச்சுய்யா கம்பெனி காரு. ஒரு வக்கீலு, கைல டேப்லெட்டு, கூட லோக்கல் ஏட்டய்யா. வரிசையா கடைல பூந்து, லோகோ போட்ட டீ-ஷர்ட் எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டாங்க. பலூன் விக்கிற ஸ்டெல்லா அக்கா வெச்சிருந்த கொடிய கூட உடல. கடைசியா பாய் கட.

வக்கீலு டீ-ஷர்ட்ட பாத்தாரு, டேப்லெட்ட பாத்தாரு. தலைகீழா திருப்பி பாத்தாரு. "என்ன மிருகம் இது?"

"கோயில் படம் மாரி கீது சார்"ன்னாரு ஏட்டய்யா.

"நம்ம லோகோ இல்ல. விடுங்க, போலாம்."

எங்களுக்கு உயிரே வந்துச்சு. பாய்க்கு கோவம் வந்துச்சு.

"இன்னா சார் இது? எல்லா கடையிலயும் எடுத்தீங்க, நம்ம கடைய மட்டும் உட்டுட்டு போறீங்க? இது சுறா சார்! நல்லா பாருங்க!"

"அல்லாவே, இந்த மனுசன் வாய யாராச்சும் தைங்களேன்!"ன்னு உள்ளேந்து அவுரு சம்சாரம். நான் ஓடிப்போய் அவுரு வாய பொத்துனேன். கைய கடிச்சிட்டாரு.

வக்கீலு திரும்பி வந்தாரு. "அப்ப இது எங்க சுறான்னு ஒத்துக்கறீங்களா?"

 ஆமான்னா ஸ்டாக்கு பூரா காரு ஏறிடும், மேல கேஸு வேற. பட்டறை வாசல்ல ஏழுமல அண்ணாத்த உளிய புடிச்சிகினு நிக்கிறாரு. பாய் அவுர ஒரு லுக்கு உட்டாரு. அப்புறம் நெஞ்ச நிமித்தி சொன்னாரு பாரு மச்சான், இப்ப நெனச்சாலும் புல்லரிக்குது.

"உங்க சுறா இல்ல சார். எங்க சுறா. உங்குளுது கம்பூட்டர்ல பொறந்துச்சு, இது இந்த ஊரு கைல பொறந்துச்சு. எங்க ஊரு சுறாவுக்கு காலும் இருக்கும், தும்பிக்கையும் இருக்கும். இன்னான்றீங்க?"

வக்கீலு சிரிப்ப அடக்கிகினு காரு ஏறிட்டாரு.

காரு திரும்புனதும் பாய் ஸ்டாக்க பூரா எடுத்து ரோட்ல கொட்டுனாரு. காலியா நின்ன கடை ஒவ்வொன்னுக்கும் ஒரு கட்டு. "அக்கா, நீயும் புடி. வித்தா காசு உன்னுது, விக்கலன்னா டீ-ஷர்ட் என்னுது."

சாயங்காலம் பீச்சுல பெரிய ஸ்கிரீன். வேற டீ-ஷர்ட்டே தெருவுல இல்ல, அதனால எங்க பாத்தாலும் தும்பிக்க! அன்னிக்கு எங்க தெருவுல ஒரு கடை கூட ஷட்டர் எறக்கல. மேட்ச்சு இன்னா ஆச்சுன்னு கேக்காத, அத பாத்தவன் யாரு? நான் பாய தான் பாத்துகினு இருந்தேன். எல்லாத்தையும் தூக்கி குடுத்துட்டு, தனக்கு போட ஒன்னு கூட மிச்சம் இல்லாம, வெறும் பனியனோட விசில் அடிச்சிகினு இருந்தாரு.

நான் போட்டிருந்த தும்பிக்க டீ-ஷர்ட்ட கழட்டி அவுரு தலைல மாட்டி உட்டேன். "டைட்டா கீதுடா, சோமாரி"ன்னு திட்டுனாரு. திட்டிகினே தொப்பை மேல இழுத்து உட்டுகினாரு. கிழிஞ்சாலும் கழட்டல மனுசன்.