வெல்வெட் வைத்த வில்

அப்புத்துரை விட்ட அம்பு முன்னால் போகவில்லை. அவருடைய இடது கைப் பெருவிரலின் தோலை உரித்துக்கொண்டு பக்கவாட்டில் பறந்து, சாணக் குவியலில் குத்தி நின்றது.

"ஐயோ!" என்று கையை உதறினார்.

குசினி அடுப்படியிலிருந்து மனைவி நேசமலர் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, பண்டி செத்திட்டுதோ?"

"பகிடி விடாதையும். அம்பு கையில உரசுது. அது இருக்கிறதுக்கு வில்லில ஒரு தாங்கி வைக்க வேணும்."

ஒட்டுசுட்டான் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, அறுபதாம் ஆண்டு கோப்பாயிலிருந்து வந்தவர் அப்புத்துரை. கோப்பாயில் அவர் கண்ட மிகப் பெரிய மிருகம் வண்டில் மாடு. இங்கேயோ கொஞ்ச நாளாக ஒரு காட்டுப்பன்றி அவருடைய மரவள்ளித் தோட்டத்தில் புகுந்து கிழங்கைக் கிளப்பிக்கொண்டிருந்தது. தண்டுகளை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கிழங்கை மட்டும் தின்னும் பன்றி அது. எவ்வளவு கள்ளப் பன்றி என்று அப்புத்துரை வியந்தார்.

கிழங்கு போனதுகூடப் பெரிதில்லை. புளியங்குளத்தில் இருந்த நேசமலரின் தமையன் கனகலிங்கம் இதைக் கேள்விப்பட்டு, "மாசக் கடைசியில துவக்கோட வாறன். அதுவரைக்கும் மச்சானைப் பயப்பிடாமல் இருக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் 'பயப்பிடாமல்' அப்புத்துரையின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கனகலிங்கம் பன்றியைச் சுட்டுவிட்டால், இனி ஒவ்வொரு கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அந்தக் கதையைக் கேட்டே அவர் சாக வேண்டும். அதற்கு முன் தானே பன்றியை விழுத்திவிட வேண்டும் என்று மூங்கிலை வளைத்து வில் செய்தார். தேய்ந்துபோன அரத்தைத் தீட்டி அம்புக்கு முனை வைத்தார்.

"வில்லுத்தான் நல்லது. துவக்கெண்டால் எனக்கு ஈரக்குலையே நடுங்குது" என்றாள் நேசமலர். தன் பக்கம் நிற்கும் மனைவியை நினைத்து அப்புத்துரைக்கு மனம் குளிர்ந்தது.

முதலில் வில்லில் ஓர் ஆணியை அடித்து அதன்மேல் அம்பை வைத்தார். நாணை இழுத்ததும் ஆணியில் அம்பு உரசிக் 'கிரீச்' என்றது. கொட்டிலில் கிடந்த மாடு எழுந்து நின்றது.

"மாட்டுக்கே கேக்குது. பண்டிக்குக் கேக்காதோ?" என்றாள் நேசமலர்.

நியாயம்தான். ஆணியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போய்த் தேடியவரின் கண்ணில் நேசமலரின் கொம்புச் சீப்பு பட்டது. அம்பு இருப்பதற்கென்றே செய்ததுபோல வரிசையாகப் பற்கள்! ஒரு துண்டை உடைத்து வில்லில் கட்டினார். அம்பு அழகாக உட்கார்ந்தது. விட்டவுடன் சீப்புப் பல் முறிந்து அவருடைய கன்னத்தில் குத்தியது. அம்பு பக்கத்துக் காணித் தில்லைநாதனின் கூரையில் ஏறி நின்றது.

"என்ர சீப்பு!" என்று கத்தினாள் நேசமலர்.

"ஒரு சீப்புக்கு இந்தக் கூப்பாடோ? பண்டியைப் பிடிச்ச பிறகு பாப்பம்."

பிறகு பார்ப்பதென்றால் அப்புத்துரையின் அகராதியில் பாராமல் விடுவது. முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு சீப்பு, ரிப்பன், துணிமணி விற்க வரும் அன்ஸாரைப் படலையிலேயே மறித்து, "ஒண்டும் வேண்டாம், போட்டு வாரும்" என்று அனுப்பிவிடுவார். மடியிலிருந்து காசு எடுப்பதென்றால் அவருக்கு உயிர் போய் வரும்.

அந்தக் கிழமை முடிவதற்குள் தோட்டத்தில் இன்னும் நாலைந்து மரவள்ளி சரிந்து கிடந்தது.

"உங்கட வில்லைக் கண்டு பண்டிக்குக் கோபம் வந்திட்டுது போல" என்றாள் நேசமலர், கிணற்றடியில் தலை வாரியபடியே.

அப்புத்துரைக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கொண்டை ஊசிகள் இரண்டை எடுத்து வளைத்து முறுக்கித் தாங்கி செய்தார். கம்பி துள்ளியது. அம்பு மேலே கிளம்பிப் போய் அரிக்கன் லாம்பின் சிமினியை உடைத்தது. அடுத்த கிழமை இன்னும் ஒரு வரிசை மரவள்ளியைக் காணவில்லை.

"நீங்கள் தாங்கி மாத்த மாத்த அது கூடத் தின்னுதப்பா" என்றாள் அவள், கொண்டையை முடிந்து ஊசியைக் குத்திக்கொண்டு.

மாதக் கடைசி நெருங்கியது. அப்புத்துரைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். சத்தம் கேட்கக்கூடாது, துள்ளவும் கூடாது. அப்படியானால் கம்பிக்கு மேல் மெத்தென்று ஏதாவது சுற்ற வேண்டும். அலுமாரியைத் திறந்தார். நேசமலரின் கலியாணத்து வெல்வெட் சட்டை மடித்தபடி இருந்தது. அதன் ஒரு கையை வெட்டினார்.

நேசமலர் அன்று கத்தவில்லை. கை போன சட்டையை மடியில் வைத்துத் தடவினாள். கண் கலங்கியிருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்து போனாள். அப்புத்துரைக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் வெல்வெட்டின் மேல் அம்பு வழுக்கிப் போன விதத்தைக் கண்டதும் அது மறந்துபோயிற்று.

அன்று பொழுது மங்குகிற நேரம், தோட்டத்து மூலையில் பதுங்கி இருந்தார். மரவள்ளிக்குப் பின்னால் கறுப்பாக, குனிந்தபடி ஒன்று அசைந்தது. நாணை இழுத்து விட்டார். ஒரு சத்தமும் இல்லை. பிறகு 'தொப்' என்று ஒரு சத்தம். 'ஹுக்' என்று ஓர் உறுமல். சருகுகள் சரசரக்க அது வேலிப் பக்கம் ஓடியது.

அப்புத்துரை வீட்டுப் பக்கம் ஓடினார்.

கொஞ்சம் பொறுத்து, கோழிக்கூடு சாத்தப் போயிருந்த நேசமலர் மூச்சிரைக்க வந்தாள்.

"பட்டிட்டுது நேசம்! பண்டிக்குப் பட்டிட்டுது!"

அவள் கதிரையில் இருந்தாள். ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "அப்ப இனி அது இந்தப் பக்கமே வராது" என்றாள். விடிய எழும்பிப் பார்த்தால் வில் அடுப்புக்குள் எரிந்துகொண்டிருந்தது. வேலை முடிந்த வில்தானே என்று அப்புத்துரையும் விட்டுவிட்டார். அம்பின் தண்டு தோட்டத்தில் முறிந்து கிடந்தது. முனையைக் காணவில்லை. அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அந்தக் கிழமை முழுவதும் ஒரு மரவள்ளிகூடச் சரியவில்லை.

மாதக் கடைசியில் கனகலிங்கம் துவக்கோடு வந்து இறங்கினார். தில்லைநாதனும் கதை கேட்க வந்திருந்தார். அப்புத்துரை எழுந்து நின்று, நாணை இழுத்த விதத்தை நடித்துக் காட்டினார்.

"அரம் தீட்டின முனை மச்சான்! அது இப்ப பண்டியின்ர வயித்துக்குள்ள. காட்டுக்குள்ள எங்கையோ போய்ச் செத்திருக்கும்."

"நான் உன்னை என்னவோ எண்டு நினைச்சிருந்தனடாப்பா" என்றார் கனகலிங்கம். துவக்கைக் கதிரைக்குக் கீழே தள்ளி வைத்தார். அப்புத்துரைக்கு உச்சி குளிர்ந்தது.

படலையில் சைக்கிள் மணி கேட்டது. அன்ஸார்.

"வாரும் தம்பி, உள்ளுக்கு வாரும்! நீரும் இந்தக் கதையைக் கேளும்" என்று முதன்முறையாக அவரை அழைத்தார் அப்புத்துரை. குசினி வாசலில் நின்ற நேசமலர், 'போ, போ' என்று இரண்டு கையாலும் சைகை காட்டினாள். பெட்டிக்குள் குனிந்து எதையோ தேடிய அன்ஸார் அந்தச் சைகையைக் காணவில்லை. ஒரு வெல்வெட் துணித்துண்டையும், தீட்டிய இரும்புத் துண்டொன்றையும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அக்கா, சீப்புக்கும் கொண்டை ஊசிக்கும் தந்த மரவள்ளி மூட்டையள் நல்ல சாமான், இந்த வெல்வெட்டுக்குத் தந்த மூட்டையிலதான் ஒரு கிழங்குக்குள்ள இந்த இரும்பு குத்திக்கொண்டு கிடந்தது!"