லோர்னா அக்காவின் தாய்மை

தாய்மையின் மகத்துவத்தை உலகுக்கு உணர்த்தியதில் ஹாலிவுட்டின் கிரெஸ்ட்மான்ட் ஸ்டூடியோவுக்கு நிகர் கிடையாது. அதனால்தான், இடுப்பில் ஆறு மாதக் குழந்தையோடு ஹெட்விக் கிரப்ஸ்கி நடிக்க வாய்ப்புக் கேட்டு வாசலில் வந்து நின்றபோது, அந்த மகத்துவத்தை அவசரமாக மூடிமறைத்தது.

விளம்பர இலாகாத் தலைவர் டன்ஃபி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவளுக்கு லோர்னா வேல் என்ற பெயரையும், புதுப் புருவங்களையும், கென்டக்கியில் குதிரைப் பண்ணை நடத்திக் காலமான ஒரு தகப்பனாரையும் வழங்கினார். பிறகுதான் குழந்தையைப் பார்த்தார்.

"இது யாரு?"

"என் பொண்ணு சார், பேரு நெல்."

"தப்பு. தங்கச்சி."

"அப்பா செத்து மூணு வருஷம்னு இப்பத்தானே சார் சொன்னீங்க?"

டன்ஃபி இளகிய மனசுக்காரர். காலமானவருக்கு அந்த இடத்திலேயே இரண்டு வருட ஆயுளை நீட்டித்துக் கொடுத்தார்.

நெல் பேச ஆரம்பித்ததும் "அம்மா" என்றாள். ஸ்டூடியோ உடனே ஓர் "உச்சரிப்பு ஆசிரியை"யை அனுப்பித் திருத்தியது.

"வீட்டுக்குள்ளயாவது கூப்பிடட்டுமே சார்?"

"சமையக்காரிக்குக் காது இருக்கேம்மா."

"அப்புறம் அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிடுமே!"

"அதுக்குத்தானே ஆசிரியைக்குச் சம்பளம் தர்றோம்?"

ஒப்பந்தம் முடியட்டும், அந்த ஒரு வார்த்தையைக் காது குளிரக் கேட்டுவிடலாம் என்று லோர்னா காத்திருந்தாள். கிரெஸ்ட்மான்ட்டில் ஒப்பந்தம் அப்படிச் சுலபத்தில் முடிவதில்லை. மோசமான கதையில் நடிக்க மறுத்தால் சம்பளமில்லாத "ஓய்வு" தருவார்கள். ஓய்வெடுத்த நாட்களை ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். லோர்னாவுக்குக் கதை ஞானம் அதிகம். வால் நீண்டது. நெல்லும் வளர்ந்தாள், வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிட்டபடி.

லோர்னாவுக்கு முப்பத்தைந்து வயதானது. ஹாலிவுட்டில் அது தள்ளாத வயது. கதாநாயகனுக்கு அம்மாவாகப் போட்டார்கள்.

"அவருக்கு அம்பது வயசு சார்!"

"அதனால என்ன? தலைக்கு வெள்ளை அடிச்சிடலாம்" என்றார் டன்ஃபி.

"அவருக்கா?"

"சேச்சே, உனக்கு. அவருக்குக் கறுப்பு அடிச்சாச்சு."

படம் ஊரையே அழவைத்தது. லோர்னாவுக்குச் சிறந்த நடிகை விருது. விருந்தில் ஸ்டூடியோ முதலாளி ஹார்க்னெஸ் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளை வாசனையே அறியாத ஒரு பெண், தாய்ப் பாசத்தை எப்படித்தான் கொண்டுவந்தாளோ!"

எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். லோர்னா பரிசுச் சிலையை மடியில் வைத்துக்கொண்டு வான்கோழிக் கறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிருபர் ஒருவர் பக்கத்தில் இருந்த நெல்லிடம் குனிந்தார்.

"உங்க அக்காவால எப்படிம்மா முடிஞ்சது?"

மேசைக்கடியில் டன்ஃபி அவள் காலை மிதித்தார்.

"காலை எடுங்க சார், வலிக்குது" என்றாள் நெல், சபைக்கே கேட்கும்படி. பிறகு நிருபரிடம் திரும்பினாள்.

"அம்மாவா நடிக்கிறது எங்கம்மாவுக்கு என்ன கஷ்டம்? பதினாறு வருஷமா எனக்கு அக்காவா நடிக்க வெச்சாங்களே, பரிசை அதுக்கில்ல குடுத்திருக்கணும்!"