மரம் மாதிரி நில்லுங்க

“ஏங்க, அசையாதீங்க! அசைஞ்சா இன்னும் குதிக்கும்!” என்று சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

பல் டாக்டர் எங்கே அசைவது? முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. வலது கைச் சட்டை ஸ்பிரிங்கின் வாயில் இருந்தது. ஸ்பிரிங் என்பது அவரே ஆசை ஆசையாக மடியில் வைத்து வாங்கிவந்த நாய். அது குதிக்கிற குதியைப் பார்த்து மகள் வைத்த பெயர்.

மனைவியைக் கண்டால் வாலை ஆட்டும். மகளைக் கண்டால் மல்லாந்து வயிற்றைக் காட்டும். கூடத்து மூலையில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மாமனாரிடம் பரம சாது. தபால்காரரைக்கூட ஒன்றும் செய்யாது. டாக்டர் உள்ளே காலை வைத்தால் மட்டும் பாய்ந்து வந்து, தோளில் காலைப் போட்டு, கையை லபக்கென்று கவ்வும். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே இறங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி மூலைக்கு ஓடிவிடும்.

“நான்தானேடா உன்னைத் தூக்கிட்டு வந்தேன்? என்மேல அப்படி என்னடா கோபம்?” என்று கேட்டார். ஸ்பிரிங் கொட்டாவி விட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி, டாக்டரின் விரலெல்லாம் பிளாஸ்திரியாக இருப்பதைப் பார்த்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“யார் டாக்டர் கடிச்சது?”

“நாய்ங்க.”

“நாய்க்குமா பல்லு பார்க்கறீங்க?” என்றபடி அவர் நாற்காலியை விட்டு இறங்கிப் போயே போய்விட்டார்.

இதைக் கேட்ட மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். “ஞாயித்துக்கிழமைக்குள்ள இது அடங்கலைன்னா, எங்க அண்ணன் தோட்டத்துக்கு அனுப்பிடறேன். உங்க கைதான் நமக்குச் சோறு போடுது.”

மகள் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். டாக்டரும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். கடித்தாலும் அவருடைய செல்லமல்லவா?

மருந்து வாடைதான் பிடிக்கவில்லையோ என்று ஆஸ்பத்திரியிலேயே குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். ஸ்பிரிங் சோப்பு வாசனையோடு சேர்த்துக் கவ்வியது. ஓட விட்டால் களைத்துவிடும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதால் விடிந்ததும் அதோடு தெருத்தெருவாக ஓடினார். களைத்தது டாக்டர்தான். மூச்சு வாங்கச் சோபாவில் விழுந்தவர் மேல் ஸ்பிரிங் புத்துணர்ச்சியோடு வந்து விழுந்தது.

கடைசியில் ஒரு நாய்ப் பயிற்சியாளருக்குப் போன் போட்டார்.

“திட்டாதீங்க, தள்ளாதீங்க சார். திரும்பிக்கிட்டு மரம் மாதிரி நில்லுங்க. கண்டுக்க ஆளில்லைன்னா தானா விட்டுடும்.”

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மரமாக நின்றார். முதுகில் கவ்வு விழுந்தது. மறுநாள் இன்னும் அதிக நேரம் நின்றார். அதற்கப்புறம் குளியலறையிலிருந்து வந்தாலும் குதி, தண்ணீர் குடிக்க எழுந்தாலும் குதி. ஒன்றும் விளங்கவில்லை.

இதற்கு நடுவில் மனைவிக்கு வேறு தலைவலி. “அப்பா! பிஸ்கட் டப்பா மறுபடியும் காலி! உடம்புல சர்க்கரையை வெச்சுக்கிட்டு இப்படித் திருட்டுத்தனமா திங்கலாமா?”

மாமனார் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனால் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் சர்க்கரை சமர்த்தாக இருந்தது. அது எப்படி என்று டாக்டர் தலையைச் சொறிந்தார். அவருக்கு இந்த வீட்டில் எதுவுமே பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசலில் மைத்துனரின் வண்டி நின்றது. மகள் ஸ்பிரிங்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். டாக்டர் கெஞ்சியதால் பயிற்சியாளரும் நேரில் வந்திருந்தார்.

“ஒரே ஒரு தடவை என் கண்ணு முன்னால நில்லுங்க சார், பார்ப்போம்” என்றார் அவர்.

டாக்டர் கூடத்து நடுவில் மரமாக நின்றார். மகள் பிடியை விட்டாள். ஸ்பிரிங் ஒரே பாய்ச்சலில் தோளில் ஏறி, சட்டையைக் கவ்வியது.

“போச்சு!” என்று மனைவி தலையில் கை வைத்தாள். மைத்துனர் சங்கிலியோடு எழுந்தார். டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

“இருங்க, இருங்க” என்று பயிற்சியாளர் குனிந்து பார்த்தார். “பல்லு பதியவே இல்லை. நீங்க கையை உதறினப்பதான் விரல்ல கீறியிருக்கும். இதுக்கு உங்க மேல கோபமும் இல்லை சார். சட்டையைக் கவ்விக்கிட்டு வேற எங்கயோ பார்க்குது. அங்க என்ன இருக்கு?”

எல்லாரும் திரும்பினார்கள். மூலையில் மாமனார், சட்டைப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவும் முடியாமல், உள்ளே வைக்கவும் முடியாமல் விழித்தார்.

“பின்ன என்ன மாப்பிள்ளை பண்றது? நீங்க பயத்துல விறைச்சுப்போய் நிக்கறீங்கன்னு வெளிய சொன்னா உங்களுக்கு மரியாதையா இருக்குமா? அதான் அது உங்களைப் பிடிக்கறப்பல்லாம், சத்தம் போடாம ஒரு பிஸ்கட்டைக் காட்டி நான்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்!”